ஈஸ்ட்டும் தொட்டியும்: உயிரித் தொழில்நுட்பம் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரீஷியசில் ஒரு வடிசாலையின் நொதித்தல் பிரிவில், அதாவது ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றும் இடத்தில், வேலை பார்க்கிறேன். சனிக்கிழமைகளில் எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் நடக்கும் தமிழ் வகுப்புக்கும் போவதுண்டு. வீட்டில் கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் என்று வளரும் பிள்ளைகள் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்க வரும் இடம் அது. பாடம் முடிந்ததும் பேச்சு எப்படியோ என் வேலைக்கு வந்துவிடும். பிள்ளைகளைவிடப் பெற்றோர்கள்தான் அதிகம் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதிவைக்கிறேன்.

உயிரித் தொழில்நுட்பம் என்றால் மரபணுவை மாற்றுவதுதானே?

மரபணு மாற்றம் அதில் ஒரு பகுதி, அவ்வளவுதான். உயிருள்ள ஒன்றையோ அது சுரக்கும் நொதியையோ வேலைக்கு வைத்து நமக்கு வேண்டிய பொருளைச் செய்துகொண்டால் அது உயிரித் தொழில்நுட்பம். தயிர், ரொட்டி, வினிகர், ரம், பெனிசிலின், இன்சுலின் எல்லாம் ஒரே குடும்பம். மருந்துக் கடையில் இருக்கும் இன்சுலினுக்கு மரபணு மாற்றம் தேவைப்பட்டது. தயிருக்கு முந்தின நாள் உறை போதும்.

அப்படியானால் ‘உயிர்ச் செயல்முறை வடிவமைப்பு’ என்பது என்ன?

இதற்கு நான் எப்போதும் ஒரு போலீஸ்காரரின் கதையைச் சொல்வேன். 1941 பிப்ரவரி, இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு. ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற காவலருக்கு உடம்பெல்லாம் சீழ். ஒரு கண்ணையே எடுத்தாகிவிட்டது. அங்கே ஃப்ளோரி, செயின், ஹீட்லி ஆகிய விஞ்ஞானிகள் இருந்த குழுவிடம் கொஞ்சம் பெனிசிலின் இருந்தது. ஊசி போட்டதும் காய்ச்சல் இறங்கியது, பசி எடுத்தது, தேறிவந்தார். மருந்து பற்றாமல் அவருடைய சிறுநீரிலிருந்து பெனிசிலினைப் பிரித்தெடுத்து மறுபடி ஏற்றினார்கள். அதுவும் தீர்ந்துபோயிற்று. மார்ச்சில் அவர் இறந்துவிட்டார்.

ஃப்ளெமிங் என்ற விஞ்ஞானி ஒரு பூஞ்சையில் பெனிசிலினைக் கண்டது 1928-இல். 13 வருடம் கழித்தும் ஒரு மனிதரைக் காப்பாற்றும் அளவு மருந்து உலகத்தில் இல்லை. பூஞ்சை இருந்தது, அதன் குணம் தெரிந்திருந்தது. நிறையச் செய்யும் வழிதான் தெரியவில்லை. தட்டையான பாத்திரங்களில் மேலாக ஆடைபோல வளர்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அமெரிக்காவின் பியோரியா நகர ஆய்வகத்தில் மூன்று காரியங்கள் நடந்தன. மக்காச்சோளம் ஊறவைத்த நீரை உணவாகக் கொடுத்தார்கள். முலாம்பழம் ஒன்றில் வளர்ந்த நல்ல பூஞ்சை ரகம் கிடைத்தது. பூஞ்சையை ஆழமான தொட்டியில் மூழ்கவைத்து, காற்றை ஊதி வளர்க்கப் பழகினார்கள். 1944-இல், இரண்டாம் உலகப் போரில், நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டியில் இறங்கியபோது காயம்பட்ட வீரர்களுக்குப் பெனிசிலின் தயாராக இருந்தது.

அந்த மூன்று காரியங்களும்தான் செயல்முறை வடிவமைப்பு: எந்த உயிர், என்ன உணவு, எந்த மாதிரித் தொட்டி. நான்காவதாக, கிடைத்ததை எப்படிப் பிரிப்பது. ஐந்தாவதாக, மிஞ்சுவதை என்ன செய்வது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது இந்த வரிசையில்தான் யோசித்தேன். இப்போது ஐந்தாவதிலிருந்து தொடங்குகிறேன். ஏன் என்று கீழே வரும்.

ஒரு டன் மொலாசஸிலிருந்து எவ்வளவு ஆல்கஹால் வரும்?

சுமார் 250 லிட்டர். மொலாசஸ் என்பது சர்க்கரை படிகமானபின் மிஞ்சும் கருத்த பாகு. அதில் ஏறக்குறைய பாதி இன்னும் சர்க்கரைதான். 180 கிராம் குளுக்கோஸ் முழுவதும் நொதித்தால் 92 கிராம் ஆல்கஹாலும் 88 கிராம் கார்பன் டை ஆக்சைடும் வரும். எடையில் பாதிக்குச் சற்று மேல், அதற்குமேல் எந்த ஈஸ்ட்டாலும் முடியாது. அந்த உச்சத்தையும் முழுதாகத் தொட முடிவதில்லை. ஈஸ்ட் தன் உடம்பை வளர்க்கக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். கிளிசரால் என்றொரு பொருளாகக் கொஞ்சம் போகும். மொலாசஸில் ஈஸ்ட்டால் தின்ன முடியாத சர்க்கரைகளும் உண்டு.

இந்தக் கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். ஆல்கஹாலும் வாயுவும் எடையில் ஏறக்குறைய சமம். ஒரு டன் ஆல்கஹால் செய்தால் ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவான வாயு வெளியேறும். அது காற்றைவிடக் கனமானது, பள்ளத்திலும் தொட்டி அடியிலும் தேங்கும், நிறமும் கிடையாது. காலித் தொட்டிதானே என்று ஒருவர் இறங்கினால் இரண்டு மூச்சில் மயக்கம் வரும். அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். வாயுவை அளக்காமல் யாரையும் தொட்டிக்குள் இறங்க விடாதீர்கள், அவசரம் என்றாலும்.

கியூர்பிப்பில் இட்லி மாவு பொங்கவில்லை, போர்ட் லூயிசில் பொங்குகிறது. ஏன்?

இதைக் கேட்டது என் மாமியார். அவர் வீடு மேட்டு நிலத்தில், கியூர்பிப்பில். ஜூலை இரவுகளில் அங்கே நல்ல குளிர். கடலோரம் போர்ட் லூயிசில் இருக்கும் அவருடைய தங்கை அதே அரிசி, அதே உளுந்து, அதே நேரம் ஊறவைத்து அரைக்கிறார். காலையில் தங்கை வீட்டு மாவு பாத்திரத்தைத் தாண்டி வழிகிறது. அக்கா வீட்டில் வைத்தது வைத்தபடி.

மாவைப் பொங்கவைப்பதில் பெரும்பங்கு லுகோனாஸ்டாக் என்ற பாக்டீரியாவுக்கு. 10 டிகிரி குறைந்தால் அதன் வேகம் பாதிக்கும் கீழே போய்விடும். ஒரு இரவு என்ற கணக்கு பாக்டீரியாவுக்குத் தெரியாது. எத்தனை முறை இரட்டிப்பது என்பதுதான் அதன் கணக்கு. சரி, அத்தை என்ன செய்தார்? மாவுப் பாத்திரத்தை அடுப்புப் பெட்டிக்குள் வைத்து, அடுப்பை மூட்டாமல், உள்ளே இருக்கும் சிறு விளக்கை மட்டும் எரியவிட்டார். மறுநாள் மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது மாவு. என் பார்வையில் அது வெப்பக் கட்டுப்பாடு உள்ள நொதிகலன்தான்.

இதே லுகோனாஸ்டாக் எங்கள் பக்கத்துச் சர்க்கரை ஆலைக்கு எதிரி. வெட்டிய கரும்பு வெயிலில் காத்துக் கிடந்தால் அதில் புகுந்து, சர்க்கரையை டெக்ஸ்ட்ரான் என்ற பிசினாக மாற்றிவிடும். சாறு கொழகொழத்து, வடிகட்டியில் இறங்காமல், படிகமும் சரியாக விழாது. ஜூன் முதல் டிசம்பர் வரை வெட்டுக்காலத்தில் லாரிகள் அவசரமாக ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். இட்லியில் நல்லவன், ஆலையில் கெட்டவன்.

ஆய்வகத்தில் நன்றாக வந்தது பெரிய தொட்டியில் ஏன் வருவதில்லை?

இந்தத் துறையின் நடுக் கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குடுவையை எல்லாப் பக்கமும் 10 மடங்கு பெரிதாக்குங்கள். உள்ளே பிடிக்கும் கொள்ளளவு 1000 மடங்கு ஆகும். வெளிச்சுவரின் பரப்பு 100 மடங்குதான் ஆகும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது சூடு வெளிவிடும். சூடு பிறப்பது கொள்ளளவு முழுவதிலும், வெளியேறுவது சுவர் வழியாக மட்டும். ஒரு கிராம் சர்க்கரைக்கு சுமார் 0.6 கிலோஜூல் என்று வைத்துக்கொள்ளலாம். லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை உள்ள கலவையில் 60 கிலோஜூல். அந்தச் சூடு முழுவதும் உள்ளேயே தங்கினால் கலவை சுமார் 14 டிகிரி ஏறிவிடும். 30 டிகிரியில் தொடங்கினால் 44. ஈஸ்ட்டுக்கு 30 முதல் 34 வரை சுகம். 44 என்றால் அதன் வேலை நின்றுபோகும், பெரும்பகுதி செத்தும் போகும். மேசைமேல் இருக்கும் குடுவையில் இந்தச் சூடு யாருக்கும் தெரியாமல் காற்றில் போய்விடும். லட்சம் லிட்டர் தொட்டியில் போகாது.

அதனால் கலவையை வெளியே இழுத்து, தகட்டுக் குளிர்விப்பான் வழியாக ஓட்டித் திரும்ப விடுகிறோம். அந்தக் குளிர்விப்பானுக்குத் தண்ணீர் குளிர்கோபுரத்திலிருந்து வரும். கோபுரம் தண்ணீரைக் கொஞ்சம் ஆவியாக்கித்தான் மீதியைக் குளிரவைக்கிறது. பிப்ரவரியில், புயல் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கும் நாட்களில், தீவின் காற்று ஈரத்தால் நிறைந்திருக்கும். ஆவியாக இடமே இல்லை. கோபுரத்திலிருந்து இறங்கும் தண்ணீரே 29, 30 டிகிரியில் நிற்கும். அப்போது தொட்டியை 33-இல் வைப்பது எவ்வளவு பாடு என்பதைக் கட்டுப்பாட்டு அறையில் ஒரு இரவு உட்கார்ந்தால் தெரியும். மொலாசஸ் ஊற்றும் வேகத்தைக் குறைப்பதைத் தவிர வழியில்லை. குளிர்விப்பானின் அளவைத் தீர்மானிக்கும்போது ஜூலை மாதத்துச் சராசரியைப் பார்க்காதீர்கள் என்று ஒவ்வொரு இளம் பொறியாளரிடமும் சொல்கிறேன். பிப்ரவரியின் மிக மோசமான மதியத்தைப் பாருங்கள்.

கலக்குவதும் அப்படித்தான். குடுவையில் ஒரு சொட்டுச் சாயம் விட்டால் இரண்டு மூன்று நொடியில் பரவிவிடும். பெரிய தொட்டியில் நிமிடக் கணக்கு ஆகலாம். உணவு விழும் இடத்தில் இருக்கும் செல்லுக்கு விருந்து, எதிர் மூலையில் இருப்பதற்குப் பட்டினி.

ஈஸ்ட்டுக்குக் காற்று வேண்டுமா, வேண்டாமா?

வளர வேண்டும் என்றால் காற்று வேண்டும். ஆல்கஹால் செய்யக் காற்று வேண்டியதில்லை. முதலில் சிறு தொட்டியில் காற்று ஊதி ஈஸ்ட்டைப் பெருக்கி, பிறகு பெரிய தொட்டிக்கு மாற்றுவது அதனால்தான்.

பெனிசிலின் பூஞ்சை போன்றவற்றுக்கு முழுநேரமும் ஆக்சிஜன் வேண்டும். அங்கேதான் சிக்கல். 30 டிகிரித் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் லிட்டருக்கு ஏழெட்டு மில்லிகிராம்தான். சர்க்கரையை 100 கிராம்கூடக் கரைக்கலாம். அடர்த்தியாக வளர்ந்த கூட்டம் அந்த ஆக்சிஜனைச் சில நொடிகளில் தீர்த்துவிடும். காசு கொடுத்து வாங்கும் சர்க்கரை போதாமல் இல்லை, சும்மா கிடைக்கும் காற்றுதான் போதவில்லை. குமிழியைச் சிறிதாக்கு, வேகமாகச் சுழற்று, அழுத்தத்தைக் கூட்டு என்று தொட்டியின் மின்செலவில் பெரும்பகுதி இதற்கே போகும்.

சர்க்கரையை ஒரேயடியாகக் கொட்டினால் என்ன?

ஆல்கஹால்தான் நோக்கம் என்றால் ஓரளவு கொட்டலாம். ரொட்டிக் கடைக்கு ஈஸ்ட் செய்கிறவர்கள் கொட்டினால் நஷ்டம். காற்று எவ்வளவு இருந்தாலும், சர்க்கரை மிகுந்திருந்தால் இந்த ஈஸ்ட் ஆல்கஹால் பக்கம் திரும்பிவிடும், உடம்பு வளர்க்காது. ஆகவே மொலாசஸைச் சொட்டுச் சொட்டாக, ஈஸ்ட் தின்னும் வேகத்துக்கு ஊட்டுவார்கள். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி: வாயில் இருப்பதை விழுங்கியபின் அடுத்த கவளம்.

வேண்டாத கிருமி புகுந்தால் எப்படித் தெரியும்?

எனக்கு மூக்கில் தெரிந்தது. முன்பு வேலை பார்த்த ஒரு வடிசாலையில் ஒரு திங்கட்கிழமை காலை மூன்றாம் தொட்டியின் பக்கம் போனேன். வழக்கமாக அங்கே பழுத்த வாழைப்பழமும் ரொட்டியும் கலந்த வாசம் வரும். அன்று புளித்த மோர் வாசம். புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு (குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6-இல் இருக்க வேண்டியது 3.9-க்கு இறங்கியிருந்தது. நுண்ணோக்கியில் உருண்டை உருண்டையான ஈஸ்ட்டுகளுக்கு நடுவே மெல்லிய குச்சிகள்: லாக்டிக் அமில பாக்டீரியா. தொட்டியை இரண்டு முறை கழுவியும் ஒரு வாரத்தில் திரும்ப வந்தது. கடைசியில் ஒரு பழைய குழாயைக் கண்டோம். எப்போதோ ஒரு மீட்டரைக் கழற்றிவிட்டு முனையை அடைத்திருக்கிறார்கள். கழுவும் நீர் அந்த முட்டுச்சந்துக்குள் போவதே இல்லை. ஒரு முழ நீளக் குழாய். அறுத்தெடுத்தோம், கழன்று விழுந்தது கருத்த கூழ். அதன்பின் அந்தப் புளிப்பு வாசம் வரவில்லை.

மருந்துத் தொழிற்சாலையில் எல்லாவற்றையும் 121 டிகிரி நீராவியில் கிருமிநீக்கம் செய்வார்கள். வடிசாலையில் அவ்வளவு மொலாசஸை அப்படிக் காய்ச்சினால் கட்டுப்படியாகாது. புளிப்பான கலவை, நிறைய ஈஸ்ட், கொஞ்ச நேரம்: இந்த மூன்றும்தான் எங்கள் காவல். ஈஸ்ட்டைப் பிரித்து அமிலத்தில் கழுவித் திரும்பப் பயன்படுத்தும் முறையும் உண்டு; பாக்டீரியா சாகும், ஈஸ்ட் தாங்கிக்கொள்ளும்.

பாக்டீரியாவையே வேலைக்கு வைத்தால் வேறு ஆபத்து. தென்னாப்பிரிக்காவில் ஜெர்மிஸ்டன் என்ற ஊரில் 1980-களின் தொடக்கம் வரை மொலாசஸிலிருந்து அசிட்டோன், பியூட்டனால் என்ற கரைப்பான்களைச் செய்த ஆலை ஒன்று இருந்தது. வேலை செய்தது க்ளாஸ்ட்ரிடியம் பாக்டீரியா. அந்தத் தொழிலில் அடிக்கடி வந்த தொல்லை, பாக்டீரியாவையே தாக்கும் வைரஸ். தொட்டி ஒரே இரவில் மந்தமாகிவிடும்.

இன்சுலின் ஏன் ஆல்கஹாலைப்போல மலிவாக இல்லை?

இந்தத் தீவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். ஆகவே இந்தக் கேள்வி ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வருகிறது.

முன்பு இன்சுலினைப் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுத்தார்கள். 1978-இல் மனித இன்சுலினைச் செய்யும் மரபணுவை ஈ-கோலை பாக்டீரியாவுக்குள் வைத்துக் காட்டினார்கள். 1982-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. இன்னொரு வகை இன்சுலினைச் செய்வது ஈஸ்ட். எங்கள் தொட்டியில் இருக்கும் அதே சாக்கரோமைசிஸ் செரிவிசியே இனம்தான், ஒரு மரபணு கூடுதலாக.

நொதித்தல் வரை செலவு பெரிதில்லை. அப்புறம்தான் இருக்கிறது. ஆல்கஹாலைக் கொதிக்கவைத்தால் அதுவே மேலே வரும். அதிலும் எடையில் 95.6 சதவீதம் வந்ததும் தண்ணீரும் ஆல்கஹாலும் சேர்ந்தே ஆவியாகும். மீதித் தண்ணீரை நுண்துளைச் சல்லடையில் பிடித்தாக வேண்டும். இன்சுலினைக் காய்ச்ச முடியாது, கெட்டுவிடும். பாக்டீரியா என்றால் செல்லை உடைக்க வேண்டும், கட்டியாய்க் கிடப்பதைக் கரைக்க வேண்டும், சரியான வடிவில் மடிய விட வேண்டும், வேண்டாத துண்டை வெட்ட வேண்டும், பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பல வடிகட்டல்கள். ஒவ்வொரு படியிலும் 10 சதவீதம் போனால் ஏழு படியில் பாதிக்கு மேல் போய்விடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100, 90, 81 என்று போய் ஏழாவதில் 48. படிகளைக் குறைப்பதுதான் பிரிப்பவரின் திறமை. கடையில் விலை உயர்ந்து நிற்பதற்குக் காப்புரிமையும் வியாபாரமும் காரணம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

காவடி விரதத்தில் சீஸ் சாப்பிடலாமா?

தைப்பூசக் காவடிக்கு முன் விரத நாட்களில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. பாலைத் திரட்ட மரபாகப் பயன்பட்டது கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட். அதில் வேலை செய்யும் நொதி கைமோசின். இப்போது அதே கைமோசினைப் பூஞ்சையோ ஈஸ்ட்டோ செய்கிறது. 1990-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்று பெரும்பாலான சீஸ் இப்படித் திரட்டியதுதான், விலங்கைக் கொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஐரோப்பாவின் சில மரபான வகைகள், உதாரணத்துக்கு இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ, இன்றும் கன்றின் ரென்னட்டில்தான் திரள வேண்டும் என்பது விதி. பொட்டலத்தின்மேல் சைவ ரென்னட், நுண்ணுயிர் ரென்னட் என்று இருக்கிறதா பாருங்கள். விரதத்துக்கு அது பொருந்துமா என்று சொல்ல வேண்டியவர் குருக்கள்; நொதி எங்கிருந்து வருகிறது என்பது வரைதான் என் பதில்.

மிஞ்சும் கழிவு எங்கே போகிறது?

மேலே பாதியில் விட்ட பேச்சு இது. ஆல்கஹாலைக் காய்ச்சி எடுத்தபின் தொட்டிக் கலவையில் மிஞ்சும் நீருக்கு வினாஸ் என்று பெயர்; ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு அது 10 முதல் 15 லிட்டர் வரை வரும். தமிழ்நாட்டு ஆலைகளில் ஸ்பென்ட் வாஷ் என்பார்கள். கறுப்புக் காப்பி நிறம், கொதிக்கும் சூடு, புளிப்பு. அப்படியே ஆற்றில் விட்டால் அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் தண்ணீரின் ஆக்சிஜனை எல்லாம் இழுத்துக்கொள்ளும். மீன் மூச்சுத் திணறிச் சாகும். நம் ஆறுகள் குட்டையானவை. மலையிலிருந்து இறங்கிக் கொஞ்ச நேரத்தில் கடலோரக் காயலுக்கு வந்துவிடும், அதற்கு அப்பால் பவளப்பாறை. இந்தத் தீவில் ‘வேறெங்கோ போய்விடும்’ என்று சொல்ல வேறெங்கும் இடமில்லை.

நல்ல செய்தி, அந்தக் கறுப்பு நீரில் பொட்டாசியம் நிறைய. கரும்பு மண்ணிலிருந்து எடுத்தது சர்க்கரைக்குள் போகவில்லை, மொலாசஸில் தங்கி, இங்கே வந்து சேர்ந்தது. ஆவியாக்கிக் கெட்டியாக்கி வயலுக்கே உரமாகத் திருப்பித் தரலாம், தருகிறார்கள். காற்றில்லாத தொட்டியில் வேறு நுண்ணுயிர்களிடம் கொடுத்து மீத்தேன் எடுத்து எரிக்கவும் செய்யலாம். ஆவியாக்க நீராவி வேண்டும், நீராவிக்குக் கரும்புச் சக்கை வேண்டும், சக்கைக்கு மின்நிலையமும் போட்டி போடும். இந்த முடிச்சு அவிழாமல் எத்தனை லிட்டர் தொட்டி கட்டுவது என்று பேசுவதில் பொருளில்லை. கழிவைக் கொள்ள இடம் இருக்கும் அளவுக்குத்தான் ஆலை. அதனால்தான் ஐந்தாவதிலிருந்து தொடங்குகிறேன்.

என் மகள் இதைப் படிக்க விரும்புகிறாள். எந்தப் பாடம் எடுக்கச் சொல்லலாம்?

பள்ளி இறுதித் தேர்வான எச்எஸ்சியில் வேதியியலும் கணிதமும் கட்டாயம். உயிரியல் சேர்ந்தால் நல்லது. உயிரியல் மட்டும் படித்து வருகிறவர்கள் மேலே சொன்ன 14 டிகிரிக் கணக்கில் தடுமாறுகிறார்கள். பொறியியல் மட்டும் படித்தவர்கள் ஈஸ்ட்டைப் பம்பைப்போல நினைக்கிறார்கள். ரெதுய்யில் மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தில் வேளாண் புலமும் பொறியியல் புலமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. எதில் சேர்ந்தாலும் மற்றதன் வாசலுக்கும் போய்வரச் சொல்லுங்கள்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஏதாவது உண்டா?

உண்டு, சமையலறைத் தராசு போதும். இரண்டு பாட்டில்களிலும் தலா 200 மில்லி வெதுவெதுப்பான நீர், ஒரு தேக்கரண்டி ரொட்டி ஈஸ்ட். ஒன்றில் 20 கிராம் வெள்ளைச் சர்க்கரை, மற்றதில் இங்கே கடையில் கிடைக்கும் கருத்த மஸ்கவாடோ 20 கிராம். வாயை அலுமினியத் தாளால் தளர்வாக மூடுங்கள். இறுக்கி மூடினால் வாயு பாட்டிலை வெடிக்கவைக்கும். குடிப்பதற்கும் அல்ல, முடிந்ததும் கொட்டிவிடுங்கள்.

காலையும் மாலையும் எடை போட்டு எழுதுங்கள். குறையும் எடை, பறந்துபோன கார்பன் டை ஆக்சைடு. சர்க்கரை முழுவதும் தீர்ந்தால் 10 கிராம் வரை குறையும். குறைந்ததற்குச் சற்றே அதிகமான எடை ஆல்கஹால் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். வகுப்பில் நாங்கள் செய்தபோது கருத்த சர்க்கரைப் பாட்டில்தான் முந்தியது. வெள்ளைச் சர்க்கரையில் இனிப்பைத் தவிர ஈஸ்ட்டுக்கு ஒன்றுமில்லை. கருத்ததில் மொலாசஸ் ஒட்டியிருக்கிறது, அதில் தாதுக்கள் உண்டு. அப்போது ஒரு சிறுமி கேட்டாள்: “வெள்ளைப் பாட்டிலில் ரெண்டு திராட்சை போட்டால்?” போட்டோம். மறுநாள் காலை அதன் தராசு எண் வேகமாக இறங்கத் தொடங்கியிருந்தது.